தெருவிளக்குக் கம்பத்தில் தொங்கும் அந்தப் பெட்டி யாருடையது? கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ என்று எந்தப் பக்கம் நடந்தாலும் தெருவிளக்குக் கம்பத்தில் விளக்கைத் தவிர வேறு ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, வெள்ளைக் குழாய், இரண்டு மூன்று குச்சி ஆன்டெனா. எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே அப்படி ஒன்று முளைத்தபோது வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேவு பார்க்கும் கருவி என்றார் ஒருவர். புற்றுநோய் வரும் என்றார் இன்னொருவர். கேட்கப் போன இடத்தில் எங்களை ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். யாரிடம், எதைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கம்பம், அப்புறம் கம்பி, அதற்குப் பிறகுதான் கருவி அனுப்பும் ரேடியோ அலை. இந்த வரிசை மாறினால் நேரம் வீணாகும். பெரும்பாலானோர் நேரே அலையில் தொடங்குகிறார்கள்: ஏதோ ஒரு செயலியை இறக்கி, புரியாத எண்களைப் பார்த்துப் பயந்து, அதையே படம் பிடித்துப் புகார் அனுப்புகிறார்கள். அந்தப் புகாரை வைத்து எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

1. தொடங்கும் முன்: இவற்றைச் செய்யாதீர்கள்

கம்பத்தில் ஏறாதீர்கள். அடியில் உள்ள சிறு கதவைத் திறக்காதீர்கள். அதற்குள் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. மழை நேரத்தில் ஈரத் தரையில் நின்று இரும்புக் கம்பத்தைத் தொடுவதே ஆபத்து. கதவு உடைந்தோ கம்பி வெளியே தொங்கிக்கொண்டோ இருந்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள். கம்பம் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுடையது என்றால் 15454 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மாநகர் மன்றத்துக் கம்பம் என்றால் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம்.

கருவியின் வைஃபை பெயர் உங்கள் கைப்பேசியில் தெரிந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்ப்பதும், அதில் போகும் தகவலைப் பிடித்துப் படிப்பதும் குற்றம். அனுமதியில்லாமல் தகவல் தொடர்பை இடைமறிப்பதை 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆவது பிரிவு தடை செய்கிறது.

இராணுவ முகாம், போலீஸ் வளாகம், அரசாங்கக் கட்டடம் இவற்றின் வேலியோரக் கம்பங்களைப் படம் எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கென்று 1959-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சிவப்பு அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். ட்ரோன் அனுப்பி அருகில் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

2. கம்பம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை பெட்டிக்காரருக்கு முன் கம்பத்துக்காரருக்குத்தான் இருக்கிறது. தன் கம்பத்தில் யார் எதை மாட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அவரிடம் கோப்பு இருக்க வேண்டும். ஆகவே கம்பத்தின் சொந்தக்காரர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கோலாலம்பூரின் உள்தெருக்களில் தெருவிளக்குக் கம்பங்கள் பெரும்பாலும் டிபிகேஎல் பொறுப்பில் இருப்பவை. வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் கான்கிரீட் அல்லது மரக் கம்பத்திலேயே விளக்கும் மாட்டியிருந்தால் கம்பம் தெனாகா நேஷனலுடையதாக இருக்கலாம். டோல் நெடுஞ்சாலை ஓரம் என்றால் அந்தச் சாலையை நடத்தும் நிறுவனம். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை, அதாவது ஜேகேஆர். காவலும் வேலியும் உள்ள குடியிருப்பு, கொண்டோ வளாகத்தின் உள்சாலை என்றால் உங்கள் நிர்வாகக் கழகமே பொறுப்பாக இருக்கலாம். வெளியே எங்கும் கடிதம் போடும் முன் நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கம்பத்தில் கண் உயரத்திலோ அதற்குச் சற்று மேலேயோ எண் இருக்கும். வண்ணத்தில் எழுதியிருப்பார்கள், அல்லது தகடு, ஸ்டிக்கர். அந்த எண்தான் உங்கள் கையிலிருக்கும் மிக முக்கியமான ஆவணம். ‘கடைக்கு எதிரே உள்ள கம்பம்’ என்று எழுதிய புகார் மேசையிலேயே கிடக்கும். கம்ப எண்ணோடு போன புகாரை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முகப்பில் இருப்பவருக்கே தெரியும். எண் அழிந்திருந்தால் இரண்டு பக்கமும் உள்ள அடுத்த கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் கம்பம் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அவற்றையும் எழுதி வையுங்கள்.

3. மாலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பல தெருவிளக்குகளுக்குத் தனித்தனி சுவிட்ச் கிடையாது. நடைபாதையோரம் நிற்கும் இரும்புப் பெட்டியிலிருந்து, பீடர் பில்லர் என்பார்கள், ஒரு வரிசைக் கம்பங்கள் முழுவதற்கும் சேர்த்து மாலையில் மின்சாரம் திறந்துவிடப்படுகிறது. காலையில் அடைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட வரிசையில் பகல் முழுவதும் கம்பத்தில் மின்சாரமே இருக்காது. இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்ய வேண்டிய கருவியை அங்கே மாட்டினால் அதற்குத் தனி மின்கம்பி வேண்டும், அல்லது சோலார் தகடு, அல்லது இரவில் ஏறிப் பகலில் இறங்கும் பேட்டரி. கீழே நின்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இன்னொரு வகை: ஒவ்வொரு விளக்கின் தலையிலும் குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒன்று இருக்கும். அது போட்டோசெல். வெளிச்சம் குறைந்தால் அந்த விளக்கை மட்டும் எரிய விடும். அப்படியானால் கம்பத்தில் எந்நேரமும் மின்சாரம் இருக்கிறது.

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை ஏழு மணியிலிருந்து ஏழரை மணிக்குள். ஆறே முக்காலுக்குப் போய் நின்று விளக்கு எரிந்த பிறகும் ஒரு கால் மணி நேரம் இருங்கள். வரிசை முழுவதும் ஒரே நொடியில் எரிந்தால் பீடர் பில்லர் வகை. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் போட்டோசெல். பெட்டியில் சிறு எல்இடி புள்ளி இருந்தால் அது விளக்கோடு சேர்ந்து உயிர் பெறுகிறதா, முன்பே மின்னிக்கொண்டிருந்ததா என்று கவனியுங்கள். ஏழாம் படியில் சொல்லும் வைஃபை செயலியையும் கையில் திறந்து வைத்திருங்கள். விளக்கு எரிந்த ஓரிரு நிமிடத்தில் புதிதாக ஒரு பெயர் பட்டியலில் ஏறினால், அது விளக்கின் மின்சாரத்தில் ஓடும் கருவி என்பதற்கு வலுவான அறிகுறி.

அடுத்தது, பெட்டிக்குள் போகும் கம்பிகள். மின்கம்பி ஒன்று மட்டும் போகிறதா? கூடவே மெல்லிய கறுப்புக் கேபிள் வந்து, மீதத்தை வளையமாகச் சுற்றி ஓரமாகக் கட்டியிருக்கிறார்களா? அந்த வளையம் அநேகமாக ஃபைபர். ஃபைபர் வருகிறதென்றால் பெரிய அளவில் தகவல் போகிறது: தொலைத்தொடர்பு நிறுவனம், அல்லது கேமரா. வெறும் மின்கம்பியும் ஒரு சிறு குச்சியும் மட்டும் என்றால் கொஞ்சமே கொஞ்சம் தகவல் அனுப்பும் உணரி (சென்சார்) வகையாக இருக்கலாம்.

4. படம் எடுங்கள்

காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுப்பது நல்லது. நடுப்பகலில் வானம் வெளுத்து, பெட்டி கறுப்பு நிழலாக விழும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

வேண்டிய படங்கள்: கம்பம் முழுவதும் தெருவோடு சேர்ந்து ஒன்று; கம்ப எண் ஒன்று; பெட்டி நான்கு பக்கத்திலிருந்தும், முக்கியமாக நேர் கீழிருந்து; கம்பிகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பது ஒன்று. ஆன்டெனாவும் கேபிளும் நுழையும் துளைகளும் லேபிளும் பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கைப்பேசியின் டிஜிட்டல் ஜூமை நம்பாதீர்கள், எழுத்து கரைந்துவிடும். தெரிந்தவரிடம் பறவை பார்க்கும் இருநோக்கி இருந்தால் இரவல் வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். இதற்கென்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்து வீடுகளின் சன்னல், வண்டி எண், மனிதர் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் பையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

5. உருவத்தை வைத்து வகைப்படுத்துங்கள்

விளக்கின் தலையில் இருக்கிறதா, கம்பத்தின் உடம்பில் இருக்கிறதா? முதல் பிரிவினை இதுதான்.

விளக்கின் தலையிலோ, விளக்குக் கூட்டின் அடிவயிற்றிலோ உட்கார்ந்திருக்கும் உருண்டை, சாதாரண போட்டோசெல்லைவிடச் சற்று உயரமாக இருந்தால் அது விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவி. திருகி மாட்டும் ஏழு முனை கொண்ட நீமா சாக்கெட்டில் ஒரு வகை இருக்கும். அதைவிடச் சின்னதான ஸாகா சாக்கெட்டில் இன்னொரு வகை. விளக்கு பழுதானால் தெரிவிப்பது, நள்ளிரவுக்கு மேல் வெளிச்சத்தைக் குறைப்பது, மின்செலவைக் கணக்கிடுவது இதன் வேலை. அனுப்பும் தகவல் ஒரு குறுஞ்செய்தி அளவுதான். சில கருவிகள் கைப்பேசி நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பயன்படுத்தும். சில, குறைந்த சக்தியில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் லோராவான் போன்ற முறைகளைப் பயன்படுத்தும். குறைந்த சக்தி கொண்ட இத்தகைய கருவிகளுக்கு மலேசியாவில் 919 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் அலைவரிசை பயன்படுகிறது. தெரு முழுக்க ஒவ்வொரு விளக்கிலும் இது இருந்தால் கவலையே வேண்டாம், விளக்குக்காரருடையதுதான். அந்தக் கருவிகளிடமிருந்து தகவலைச் சேகரிக்கும் பெட்டி மட்டும் எங்கோ ஒரு கம்பத்தில் சற்றுப் பெரிதாக, செங்குத்தான ஒரு குச்சியோடு இருக்கும். ‘இந்தக் கம்பத்தில் மட்டும் ஏன்?’ என்று பலர் பதறுவது அதைப் பார்த்துத்தான்.

கம்பத்தின் உடம்பில் இருப்பவைதான் குழப்பம் தருபவை.

சப்பாத்து டப்பா அளவோ அதைவிடப் பெரிதோ, பின்புறம் வெப்பம் வெளியேற அலுமினியத் துடுப்புகள், கீழே ஃபைபர், பக்கத்தில் தனி மின்துண்டிப்புப் பெட்டி, கம்ப உச்சியில் வெள்ளைக் குழாய் அல்லது தட்டையான பலகை: இத்தனையும் சேர்ந்திருந்தால் அது கைப்பேசி நிறுவனத்தின் சிறு செல். கூட்டம் அதிகமான இடத்தில் பெரிய கோபுரத்தின் சுமையைக் குறைக்க இதை வைக்கிறார்கள். சில இடங்களில் கம்பமே தெருவிளக்குபோல் வடிவமைக்கப்பட்ட தொலைத்தொடர்புக் கோபுரமாக இருக்கும். பக்கத்துக் கம்பங்களைவிடத் தடிமனும் உயரமும் அதிகம், அடியில் பெரிய அலமாரி. அப்படியானால் கம்பத்துக்காரரே வேறு. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சதுரப் பலகை, அல்லது சின்னத் தட்டு, ஏதோ ஒரு திசையை உற்றுப் பார்ப்பதுபோல் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அது இரண்டு இடங்களை மட்டும் இணைக்கும் வயர்லெஸ் பாலம். அது பார்க்கும் திசையில் கண்ணை ஓட்டுங்கள். எதிர்முனையில், கட்டட மொட்டைமாடியிலோ வேறு கம்பத்திலோ, அதன் ஜோடி இருக்கும். ஜோடி யார் கட்டடத்தில் இருக்கிறது என்பது சொந்தக்காரரை நெருங்கக் குறுக்குவழி.

சாலைச் சந்திப்புக்குச் சற்று முன்னால், வண்டி வரும் திசையைப் பார்த்தபடி, லென்ஸ் இல்லாத சிறு வெள்ளைப் பெட்டி இருந்தால் அது போக்குவரத்து உணரி. சமிக்ஞை விளக்குக்கு வண்டிகளை எண்ணிச் சொல்வது. டிபிகேஎல் புக்கிட் ஜாலிலில் நடத்தும் போக்குவரத்துத் தகவல் மையத்துக்கென்று சாலையோரக் கேமராக்களும் உண்டு.

ஆற்றோரத்தில், கோம்பாக் ஆற்றங்கரை போன்ற இடங்களில், சோலார் தகடு, மேலே திறந்த உருளை, கூம்பு ஒலிபெருக்கி எல்லாம் ஒரே கம்பத்தில் இருந்தால் அது நீர்ப்பாசன, வடிகால் துறையின் மழையளவு, வெள்ள எச்சரிக்கை நிலையம். அதை யாரும் நகர்த்தச் சொல்லிக் கேட்காமல் இருப்பது நம் உயிருக்கு நல்லது.

தெனாகா கம்பத்தில் இருக்கும் சிறு பெட்டி, அக்கம்பக்கத்து ஸ்மார்ட் மீட்டர்களின் கணக்கைச் சேகரிப்பதாக இருக்கலாம். உங்கள் வரிசையில் அண்மையில் மீட்டர் மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அதிகம் பேரை ஏமாற்றும் ஒன்று: வீட்டு இணையத்துக்கான ஃபைபர் பங்கீட்டுப் பெட்டி. சாம்பல் அல்லது கறுப்பு நிறம், கீழே வரிசையாகத் துளைகள், அங்கிருந்து மெல்லிய கம்பிகள் வீடுகளுக்குப் போகும். இதில் வயர்லெஸ் எதுவும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஃபைபரை இணைத்த இடத்தை மூடும் கறுப்பு உருளையும் அப்படித்தான்.

6. லேபிளைப் படியுங்கள்

அலை அனுப்பும் கருவி எதுவானாலும் மலேசியாவில் அதற்குத் தரச்சான்று வேண்டும். சான்று பெற்ற கருவியில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) அல்லது சிரிம் (தரச்சான்று வழங்கும் அமைப்பு) முத்திரையும் ஓர் எண்ணும் இருக்கும். சி.ஐ.டி.எஃப், எச்.ஐ.டி.எஃப் என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் கிடைத்தால் அதை எம்சிஎம்சியின் ‘செக் யுவர் லேபல்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம். இலவசம்.

அந்த முத்திரை தெரியாவிட்டாலும் மாடல் எண் கிடைத்தால் இணையத்தில் தேடுங்கள். அமெரிக்காவிலும் விற்கப்படும் கருவி என்றால் எஃப்.சி.சி ஐ.டி என்று ஓர் எண் இருக்கும். எஃப்.சி.சி என்ற அமெரிக்கத் தொடர்பு ஆணையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் கருவியின் உள்படங்களும் சோதனை அறிக்கையும் பல நேரம் கிடைக்கும். எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் அனுப்புகிறது என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

ஒரு பொறி: தயாரிப்பாளர் வேறு, சொந்தக்காரர் வேறு. பெட்டியில் எரிக்சன் என்றோ ஹுவாவே என்றோ பெயர் இருந்தால் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போட்டுப் பயனில்லை. அவர்கள் விற்றதோடு சரி. ‘சென்டிரியான் பெர்ஹாட்’ (தனியார் நிறுவனம்) என்று முடியும் உள்ளூர்ப் பெயர் ஸ்டிக்கரில் இருந்தால் அதுதான் வேண்டும். அந்தப் பெயரை எம்சிஎம்சி வெளியிடும் உரிமம் பெற்றோர் பதிவேட்டில் தேடுங்கள். வசதி வழங்குநர் உரிமம் பெற்ற நிறுவனமா என்று தெரியும். முகவரி வேண்டுமென்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி நிறுவன விவரம் வாங்கலாம். கடிதத்துக்குப் பதில் வராத நிலையில் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

7. இப்போது கைப்பேசியை எடுங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசி வேண்டும். ஐஃபோனில் வெளியார் செய்யும் இந்த வகை வைஃபை அலசல் செயலிகளுக்கு இடமில்லை. வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக் கம்பத்தடியில் நில்லுங்கள். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே சிக்னலின் வலுவைக் காட்டும் டிபிஎம் அளவில் ஓர் எண், முன்னால் கழித்தல் குறியோடு இருக்கும். -40 என்றால் மிக அருகில், -85 என்றால் தொலைவில். கம்பத்திலிருந்து நான்கு திசையிலும் முப்பது நாற்பது அடி நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் வலு குறைந்து, கம்பத்தடிக்கு வந்தால் ஏறும் பெயர் எதுவோ அதுதான் சந்தேகத்துக்குரியது. மெதுவாக நடங்கள். ஆண்ட்ராய்டு இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் செயலியை அலச விடும், எண் மாறச் சற்று நேரம் பிடிக்கும்.

பெயருக்குக் கீழே பன்னிரண்டு எழுத்து முகவரி ஒன்று இருக்கும். அதன் முதல் ஆறு எழுத்தைத் தயாரிப்பாளர் பட்டியலில் தேடினால் எந்த நிறுவனம் செய்த கருவி என்று தெரியும். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றானால் அது கருவி தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. பட்டியலில் தேடிப் பயனில்லை.

சிறு செல்லா என்று பார்க்க செல்மேப்பர் போன்ற செயலி உதவும். மலேசியாவின் எண் 502. அதற்கு அடுத்து 12 வந்தால் மேக்சிஸ், 16 வந்தால் டிஜி, 19 வந்தால் செல்கோம், 18 வந்தால் யு மொபைல். டிஜியும் செல்கோமும் 2022-இல் ஒன்றாகிவிட்டாலும் பழைய எண்கள் கண்ணில் படும். உங்கள் சிம் எந்த நிறுவனத்துடையதோ அதைத்தான் செயலி நன்றாகக் காட்டும். ஆகவே வெவ்வேறு சிம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். கம்பத்தடியில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டும் திடீரென்று ஏறி, தெருமுனைக்குள் இறங்கிவிட்டால் விடை கிடைத்த மாதிரி. 5ஜி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் 2021 கடைசியில் தொடங்கிய கட்டமைப்பைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. கைப்பேசியில் தெரியும் பெயரும் பெட்டியின் சொந்தக்காரரும் வேறாக இருக்கலாம்.

எதுவுமே பிடிபடவில்லை என்றால் பெட்டி அணைந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். 919 மெகாஹெர்ட்ஸ் கருவியை எந்தக் கைப்பேசியும் காட்டாது.

இணையக் கடையில் விற்கும் கதிர்வீச்சு மீட்டரை மட்டும் வாங்காதீர்கள். அளவு சரிபார்க்கப்படாத அந்த மீட்டர் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கே துள்ளும். அதைக் காட்டினால் அதிகாரி உங்கள் மற்றச் சான்றுகளையும் நம்பமாட்டார்.

8. எப்போது வந்தது?

கணினியில் கூகுள் வீதிக்காட்சியைத் திறந்து அந்தக் கம்பத்துக்குப் போங்கள். பழைய தேதிகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கும். எந்த ஆண்டில் பெட்டி இல்லை, எந்த ஆண்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நேற்று வந்தது என்று எல்லோரும் சத்தியம் செய்யும் பெட்டி பல ஆண்டுகளாக அங்கேயே இருந்திருப்பதும் உண்டு.

வேலை நடக்கும்போதே பார்த்தால் இன்னும் நல்லது. ஸ்கைலிஃப்ட் லாரியின் கதவில் குத்தகையாளர் பெயர் இருக்கும். வேலை அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் படம் எடுங்கள். வேலையாட்களிடம் மரியாதையாகக் கேட்டால் எந்த நிறுவனத்துக்காக மாட்டுகிறோம் என்று சொல்லிவிடுவார்கள். மறைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

9. கடிதம்

மலாயில் எழுதுங்கள். ‘பெர்மொஹோனான் மக்லுமாட் பெராலாத்தான் டி தியாங் லம்பு ஜாலான்’ (தெருவிளக்குக் கம்பத்தில் உள்ள கருவி பற்றித் தகவல் வேண்டுதல்) என்று தலைப்பிட்டு, அதே வரியில் கம்ப எண்ணையும் தெருப்பெயரையும் சேருங்கள். புகார் என்று தொடங்காதீர்கள், தகவல் கேளுங்கள். புகார் என்றால் எதிர்த்துப் பதில் எழுதும் பிரிவுக்குப் போகும். தகவல் கேட்டால் கோப்பு இருக்கும் பிரிவுக்குப் போகும்.

நான்கே கேள்விகள்: கருவியின் சொந்தக்காரர் யார்? எதற்காக? எந்த அனுமதியின் கீழ், எந்தத் தேதி வரை? பழுது, ஆபத்து என்றால் யாரை அழைப்பது? ஐந்தாவதாகக் கோபத்தைச் சேர்க்காதீர்கள்.

இணைக்க வேண்டியவை: நான்காம் படியில் எடுத்த படங்கள், இடக்குறிப்பு, வீதிக்காட்சித் தேதிகள், உங்கள் பெயர், தொடர்பு எண். சங்கத்தின் பெயரில் அனுப்பினால் செயலாளர் கையொப்பம். அடையாள அட்டை நகலை அவர்கள் கேட்டால் மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது எதற்காகக் கொடுத்தது என்று நகலின் குறுக்கே எழுதிவிடுங்கள்.

டிபிகேஎல் கம்பம் என்றால் ‘அடு கேஎல்’ இணைய முகப்பில் பதிந்து எண் வாங்குங்கள். நேரில் ஜாலான் ராஜா லாவுட் தலைமையகத்தில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு வாரம் பொறுத்து அதே எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள். புதிதாக இன்னொன்று பதிந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கம்பத்துக்காரர் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று எழுத்தில் சொன்னால் அந்தக் கடிதத்தோடு எம்சிஎம்சிக்குப் போங்கள். அந்த ஒரு வரிக் கடிதம் மிகவும் மதிப்புள்ளது: அனுமதியில்லாத கருவி இருக்கலாம் என்று கம்பத்துக்காரரே சொன்னதாக ஆகிறது.

கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் எதுவும் செல்லாது. பக்கத்துச் சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பினாங்கில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பெட்டாலிங் ஜெயாவிலோ ஜார்ஜ்டவுனிலோ இருப்பவர்கள் அந்தப் படிவத்தில் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். எழுதிய காரணத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் தண்டனை உண்டு. சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லப்போகிறீர்கள் என்றால் அதையும் காரணத்திலேயே எழுதிவிடுங்கள்.

10. பதில் வந்த பிறகு

கதிர்வீச்சுதான் கவலை என்றால் கேட்க வேண்டியது அளவீட்டு அறிக்கை. ஐசிஎன்ஐஆர்பி என்ற அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பின் பொதுமக்கள் வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10 வாட். எம்சிஎம்சியின் கட்டாயத் தரநிலையும் அந்த வரம்புகளை ஒட்டியதுதான். அறிக்கையில் உங்கள் சன்னல் உயரத்தில் அளந்தார்களா, தரையில் மட்டும் அளந்தார்களா என்று பாருங்கள். மூன்றாம் மாடிக்காரருக்குத் தரை அளவு போதாது. தனியாக அளக்க வேண்டுமென்றால் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் அந்தச் சேவை உண்டு. கட்டணம் சங்கம் பகிர்ந்துகொள்ளும்படி இருக்கும். முதலில் விலைப்புள்ளி கேளுங்கள்.

கேமராதான் கவலை என்றால் சொந்தக்காரர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. தனியார் நிறுவனம் வணிகத்துக்காக வைத்திருந்தால் கட்டுப்படுத்தும். யாருடையது என்று தெரிவதற்கு முன் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதாதீர்கள்.

யாருமே உரிமை கொண்டாடாத பெட்டியும் உண்டு. அமெரிக்காவில் மெட்ரிகாம் நிறுவனம் 2001-இல் திவாலான பிறகு தெருவிளக்குகளில் அது மாட்டிய ரேடியோப் பெட்டிகள் பல நகரங்களில் அப்படியே நின்றன. இங்கும் ஒப்பந்தம் முடிந்த கருவி கம்பத்திலேயே கிடந்து துருப்பிடிக்கலாம். அணைந்த பெட்டி என்று விட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த பட்டை அறுந்தால் விழுவது நடைபாதையில் போகிறவர் தலையில். அந்த நிலையில் தகவல் கேட்கும் கடிதம் போதாது. பட்டையும் துருவும் தெளிவாகத் தெரியும் படத்தோடு, பாதுகாப்பு ஆபத்து என்று தலைப்பிட்டு, கம்பத்துக்காரரிடமே அகற்றச் சொல்லிக் கேளுங்கள். பெட்டி அவருடையதாக இல்லாவிட்டாலும் கம்பம் அவருடையதுதான்.

அகற்றுவதற்கு முன் அவர்கள் வந்து பார்க்கும் தேதியைக் கேட்டு வாங்கி, சங்கத்திலிருந்து ஒருவரை அங்கே நிற்கச் சொல்லுங்கள். மேலே ஏறிய பிறகு லேபிளை அருகில் படம் எடுத்துத் தர முடியுமா என்று வேலையாளைக் கேட்கலாம். கீழே இருந்து படிக்க முடியாத எண் அப்போதுதான் கைக்கு வரும்.